ஷவலின் சாவை மட்டும் எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி கிளவுட்ஸ்லி ஷவலைப் பற்றி அரைப் பக்கக் கதை ஒன்று வந்திருந்தது. மூடுபனியில் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தனவாம். “ஐயா, பாறையை நோக்கிப் போகிறோம்” என்று ஒரு சாதாரண மாலுமி எச்சரித்தானாம். ‘எனக்கே வழி சொல்கிறாயா’ என்று கோபப்பட்டு அவனைப் பாய்மரத்திலேயே தூக்கில் போட்டுவிட்டாராம். சில மணி நேரத்தில் கப்பல்கள் பாறையில் மோதி மூழ்கினவாம். உயிரோடு கரை ஒதுங்கிய தளபதியை ஒரு பெண் மோதிரத்துக்காகக் கொன்றாளாம். கீழே கட்டம் கட்டி, கர்வம் அழிவைத் தரும் என்று ஒரு நீதி வேறு. படத்தில் அவருக்குக் கறுப்புக் கண்கட்டும் தோளில் கிளியும் வரைந்திருந்தார்கள். கிளியெல்லாம் கடற்கொள்ளையருக்கு, ஐயா. இவர் கொள்ளையர் கப்பல்களைக் கொளுத்தியவர்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சோழவந்தான்காரன். அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவர். நான் பள்ளி முடித்ததும் உறவினர் ஒருவர் சொல்லி, வணிகக் கப்பலில் கடைநிலை மாலுமியாகச் சேர்ந்தேன். டெக் கழுவி, துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, வாட்ச் என்னும் முறைவேலை முடிந்த நேரத்தில் படித்து, மும்பையில் பரீட்சை எழுதித் தேறி, பிற்பாடு செகண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றேன். செகண்ட் ஆபீசருக்குக் கப்பலில் முக்கிய வேலை வழி போடுவது. வரைபடம், சூரியன் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட், குரோனோமீட்டர் என்னும் துல்லியக் கடிகாரம் எல்லாம் அவர் பொறுப்பு. ஊரில் என் பெயர் பலருக்குத் தெரியாது, ‘கப்பல்காரர்’ என்றால் வீட்டைக் காட்டுவார்கள். பேரனுக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்ட உட்கார்ந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். கடிதம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூக்குக் கதை. விபத்து நடந்தது 1707 அக்டோபர் 22 இரவு, இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் இருக்கும் சில்லி தீவுகளின் பாறைகளில். அது அன்றைய ஆங்கிலேயக் காலண்டர், இன்றைய கணக்கில் நவம்பர் 2. ஷவல் இருந்த ‘அசோசியேஷன்’ கப்பலில் ஏறத்தாழ 800 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அப்படியானால் அந்தக் கப்பலில் ஒருவனைத் தூக்கில் போட்டதை வெளியே வந்து சொன்னது யார்? அந்தக் காலத்துப் பதிவு எதிலும் அப்படி ஒரு சம்பவம் இல்லை. பல பத்தாண்டு கழித்துத்தான் அது அச்சில் கிளம்பி, சொல்லச் சொல்லக் கைகால் முளைத்தது. இன்னொன்றும் இருக்கிறது. கடற்படைச் சட்டப்படி மரண தண்டனை என்றால் கேப்டன்களைக் கூட்டி விசாரணை மன்றம் நடத்தியாக வேண்டும். அக்டோபர் மாத அட்லாண்டிக் காற்றில், கப்பலுக்குக் கப்பல் படகு இறக்கி, கேப்டன்களை அழைத்து வந்து, விசாரித்து, தீர்ப்புச் சொல்லி... நடக்கிற காரியமா?

வெள்ளைக்காரத் தளபதிக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய் என்று கேட்பீர்கள். வக்காலத்து இல்லை. அந்தக் கடற்படை பின்னாளில் உலகம் முழுக்க என்ன செய்தது என்று நம் எல்லாருக்கும் தெரியும். என் வருத்தம் வேறு. ஒரு கிராமத்துப் பையன் கப்பலில் எடுபிடியாக ஏறி, நாட்டின் கடற்படைக்கே தலைவனாக உயர்ந்த கதை இது. அதற்கு நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. அதை முழுக்க விட்டுவிட்டு, கடைசி இரவில் அவர் செய்யாத ஒரு காரியத்தை மட்டும் எடுத்து, மேல்தட்டுத் திமிர் பிடித்த பெரிய மனிதராக அவரைக் காட்டியிருக்கிறீர்கள். நேர்மாறு.

ஷவல் இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில் காக்தோர்ப் என்ற சின்ன ஊரில் பிறந்தார். 1650 நவம்பரில் ஞானஸ்நானம். அப்பா சிறு வயதிலேயே போய்விட்டார். பதின்மூன்று, பதினான்கு வயதில் கப்பலில் ஏறினார். கூட்டிப்போனவர் கிறிஸ்டோபர் மிங்ஸ். அவரும் அதே கடற்கரைப் பக்கத்துக்காரர். மிங்ஸிடம் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜான் நார்பரோவும் அதே வட்டாரம். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனியில் நுழைந்துவிட்டால் அடுத்த வருடம் அவன் தெருவே அங்கே நிற்கும் அல்லவா, அப்படித்தான். மிங்ஸ், அவருக்குப் பின் நார்பரோ, அவருக்குப் பின் ஷவல்: பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த இந்த மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தளபதி நிலைக்கு உயர்ந்தார்கள்.

மிங்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் நகர முடியாது. ‘என் அப்பா செருப்புத் தைப்பவர், என் தாய்வழித் தாத்தா சரக்குப் படகு ஓட்டியவர்’ என்று தளபதியான பிறகும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர். கரீபியன் பக்கம் ஸ்பானிய ஊர்களில் புகுந்து அவர் அடித்த கொள்ளையும் கொஞ்சமல்ல, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1666 ஜூனில் டச்சுக்காரரோடு நான்கு நாள் ஓயாமல் நடந்த கடற்போரில் குண்டடிபட்டு, சில நாளில் இறந்தார். அவருடைய அடக்கம் லண்டனில் நடந்தது. கடற்படை அலுவலகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் அன்றைய நாட்குறிப்பில் நடந்ததை எழுதிவைத்திருக்கிறார். அடக்கம் முடிந்து கோச்சு வண்டி கிளம்பும்போது ஒரு டஜன் மாலுமிகள் கண்ணீரோடு வந்து வண்டியை நிறுத்தினார்கள். எங்கள் தளபதிக்கு வேறு மரியாதை செய்ய எங்களிடம் ஒன்றுமில்லை, உயிர்தான் இருக்கிறது, ஒரு தீக்கப்பல் கொடுங்கள், எங்களில் யாரையாவது தலைவனாக்குங்கள், மற்றவர்கள் அவன் சொன்னபடி கேட்போம், எதிரியைப் போய்க் கொளுத்திவிட்டு வருகிறோம் என்று கேட்டார்கள். தீக்கப்பல் என்பது தார், எண்ணெய், வெடிமருந்து நிரப்பிய பழைய கப்பல். எதிரிக் கப்பலோடு ஒட்டும்வரை அதில் இருந்து, தீ வைத்துவிட்டு, கடைசி நொடியில் படகில் குதிக்க வேண்டும். பெரும்பாலும் திரும்ப மாட்டார்கள். ஷவல் தொழில் கற்றது இப்படிப்பட்ட மனிதரின் கப்பலில்.

(அந்த டச்சுக்காரர்கள் நமக்கும் அந்நியர் இல்லை. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்து முத்துக்குளிப்பில் கை வைத்தது அவர்கள்தான். மதுரையில் அப்போது திருமலை நாயக்கரின் கடைசிக் காலம்.)

மிங்ஸ் போனபின் நார்பரோவின் நிழலில் ஷவல் வளர்ந்தார். 1669-இல் ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ கப்பலில் நார்பரோ தென் அமெரிக்காவுக்குப் போனபோது கூடப் போனார். மெகல்லன் நீரிணை வழியாகப் பசிபிக்குக்குள் நுழைந்து, சிலியில் ஸ்பானியரின் வால்டிவியா துறைமுகம் வரை போய், தம் ஆட்கள் சிலரை ஸ்பானியர் பிடித்துக்கொள்ள அவர்களை விட்டுவிட்டு, 1671-இல் திரும்பினார்கள். வியாபாரக் கணக்கில் தோல்வி. இருபது வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்காது. அந்த நீரிணையை எஞ்சின் வைத்த கப்பலில் கடக்கவே எங்களுக்கு வழிகாட்டப் பைலட் வேண்டியிருந்தது.

இப்போது திரிப்போலி. இதைத்தான் உங்கள் சிறுவர் பக்கம் எழுதியிருக்க வேண்டும்.

லிபியாவின் திரிப்போலி அப்போது கடற்கொள்ளையைத் தொழிலாகவே நடத்திய துறைமுகம். வணிகக் கப்பல்களைப் பிடிப்பார்கள், ஆட்களை அடிமையாக்குவார்கள். 1675-இல் நார்பரோ ஒரு படைப்பிரிவோடு போய்த் துறைமுகத்தை அடைத்துக்கொண்டு நின்றார். பேச்சுவார்த்தைக்குத் தன் லெப்டினன்ட் ஷவலைக் கரைக்கு அனுப்பினார். வயது 25. இந்தப் பொடியனையா அனுப்பினார்கள் என்று அங்கே இளக்காரமாக நடத்தியதாகச் சொல்வார்கள். ஷவல் அதற்கு முகம் சுளிக்கவில்லை. எந்தக் கப்பல் எங்கே கட்டியிருக்கிறது, கோட்டைப் பீரங்கி எந்தப் பக்கம் பார்க்கிறது, காவல் படகு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். துறைமுகத்துக்குள்ளேயே போய் எரித்துவிட முடியும் என்று நார்பரோவிடம் சொன்னார். 1676 ஜனவரி 14 இரவு, அவர் தலைமையில் படகுகள் உள்ளே போயின. காவல் படகைச் சத்தமில்லாமல் மடக்கிவிட்டு, கோட்டைச் சுவருக்கு நேர் கீழே கட்டியிருந்த நான்கு போர்க்கப்பல்களுக்கும் தீ வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். போனவர்களில் ஒருவரும் சாகவில்லை. மார்ச் மாதம் திரிப்போலி உடன்படிக்கைக்கு வந்தது, பிடித்துவைத்திருந்த ஆங்கிலேயரை விட்டது.

திரிப்போலிக்கு நானும் சரக்கோடு போயிருக்கிறேன். துறைமுகத்தை ஒட்டி அந்தப் பழைய செங்கோட்டை இன்றும் நிற்கிறது. நாங்கள் சிமென்ட் இறக்கிக்கொண்டிருந்தோம். மேலிருந்து ஒருவன் கல்லை விட்டெறிந்தால் படகில் விழும் தூரம் என்று பட்டது. அந்த இடத்துக்குள் துடுப்புப் போட்டுக்கொண்டு இருட்டில் நுழைந்து, தீ வைத்து, அந்தத் தீயின் வெளிச்சத்திலேயே திரும்பி வர வேண்டும். போகும்போது இருட்டு துணை, வரும்போது அதுவும் இல்லை. நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

அடுத்த வருடம், 1677-இல், ‘சஃபையர்’ கப்பலுக்கு கேப்டன் ஆனார். அந்தக் காலத்து ஆங்கிலக் கடற்படையில் இரண்டு வகை ஆபீசர்கள் இருந்தார்கள். அரண்மனைச் செல்வாக்கில் நேராக கேப்டன் அறைக்கு வந்த பிரபு வீட்டுப் பிள்ளைகள் ஒரு வகை. கயிறு இழுத்து, பாய்மரம் ஏறி, கையில் தார்க் கறையோடு மேலே வந்தவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் ஓயாத உரசல். முன்னவருக்கு வழி தெரியாது, பின்னவருக்குச் சபையில் பேசத் தெரியாது என்று ஒருவரை ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைச் சரிக்கட்டத்தான் பீப்ஸ் 1677 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தார். லெப்டினன்ட் ஆக வேண்டுமானால் இத்தனை வருடம் கடலில் இருந்திருக்க வேண்டும், வழி போடும் கலையில் பரீட்சை தேற வேண்டும், எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. இன்று உலகம் முழுக்கக் கப்பல் ஆபீசர்களுக்கு நடக்கும் பரீட்சைகளுக்கு அது ஒரு முன்னோடி என்பேன்.

எனக்கு இது வெறும் சரித்திரம் இல்லை. தேர்ச்சிச் சான்றிதழோடு ஒரு கப்பல் கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். எதிரே இருந்தவர் என் பழைய சேவைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “டெக்கில் இருந்து வந்தவர்தானே, சாப்பாட்டு மேஜையில் ஆபீசர்களோடு உட்கார்ந்து பழக்கமா?” என்று கேட்டார். செக்ஸ்டன்ட்டைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. வேலை கிடைக்கவில்லை. வேறு கம்பெனியில் கிடைத்தது, அது வேறு கதை. ஆனால் மிங்ஸ் ஊரறியத் தன் அப்பா செருப்புத் தைப்பவர் என்று சொன்னதை முதல்முறை படித்தபோது எனக்கு அந்த நேர்முக அறைதான் ஞாபகம் வந்தது.

சரி, கதைக்கு வருவோம். மத்தியதரைக் கடலில் அல்ஜியர்ஸ் கொள்ளையரோடும் மொராக்கோவின் சலே கொள்ளையரோடும் ஷவல் பல வருடம் ஓட்டினார். 1688-இல் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் ஓடிப்போய், டச்சு இளவரசர் வில்லியம் அரியணை ஏறினார். ஷவல் சத்தமில்லாமல் புதிய அரசர் பக்கம் சேர்ந்தார். இதில் கொள்கை எவ்வளவு, பிழைப்பு எவ்வளவு என்று பிரிக்க நான் போகவில்லை. பெரும்பாலான கடற்படை ஆபீசர்கள் அப்படித்தான் செய்தார்கள். 1689 மே 1-ஆம் தேதி அயர்லாந்தில் பான்ட்ரி வளைகுடாவில் பிரெஞ்சுக்காரரோடு மோதல். ‘எட்கர்’ கப்பலின் கேப்டனாக நன்றாகச் சண்டையிட்டதற்காக ‘சர்’ பட்டம் கிடைத்தது. அதே 1689-இல்தான் நம் மதுரையில் ராணி மங்கம்மாள் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். இன்று காந்தி அருங்காட்சியகம் இருக்கிறதே, அந்தத் தமுக்கம் அரண்மனை அவருடன் சேர்த்துப் பேசப்படுவது. ஷவலின் காலம் எது என்று பிள்ளைகளுக்குப் புரிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை: மங்கம்மாள் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம்.

1690-இல் அரசர் வில்லியம் படையோடு அயர்லாந்து போனபோது கடல் காவல் ஷவலுடையது. தளபதிப் பதவியும் வந்தது. அந்தப் பக்கம் இருந்ததால், அதே கோடையில் பீச்சி ஹெட் அருகே ஆங்கில-டச்சுக் கூட்டுப் படை பிரெஞ்சிடம் வாங்கிய அடியில் அவருக்குப் பங்கில்லாமல் போனது. அதிர்ஷ்டம்தான். 1692-இல் பிரெஞ்சுக் கரையில் பார்ஃப்ளூர் கடற்போர். மே மாதம், காற்று மிகக் குறைவு, அவ்வப்போது மூடுபனி. பாய்க்கப்பல்கள் அசையவே யோசிக்கும் நாள். ‘ராயல் வில்லியம்’ கப்பலில் இருந்த ஷவல், கிடைத்த ஒரு காற்றுத் திருப்பத்தைப் பிடித்து, பிரெஞ்சு வரிசையை முதலில் ஊடுருவி அவர்களுக்கு மறுபக்கம் போய் நின்றுவிட்டார். பிரெஞ்சுத் தளபதி டூர்வில் இரண்டு பக்கமும் அடி வாங்கினார். தொடையில் மரச் சிலும்பு பாய்ந்து ஷவலுக்குக் காயம். அந்தக் காலக் கடற்போரில் குண்டு பட்டுச் செத்தவர்களுக்குக் குறையாமல், குண்டு பட்ட மரம் தெறித்துச் செத்தவர்கள் உண்டு. ஷவலின் அந்தக் காயத்தால்தான் சில நாள் கழித்து லா ஹோக் கரையில் ஒதுங்கிய பிரெஞ்சுக் கப்பல்களைப் படகில் போய் எரித்த புகழ் இன்னொரு ஆங்கிலத் தளபதியான ஜார்ஜ் ரூக்குக்குப் போனது. திரிப்போலியில் அந்த வித்தையைக் காட்டியவர் படுக்கையில் கிடந்தார்.

இதற்கிடையில் 1688-இல் நார்பரோ கரீபியனில் காய்ச்சலில் இறந்திருந்தார். அவருடைய மனைவி எலிசபெத்தை 1691-இல் ஷவல் மணந்துகொண்டார். நார்பரோவின் இரண்டு பையன்களையும் சேர்த்து வளர்த்தார். 1695-இல் ராச்செஸ்டர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். எடுபிடிப் பையன் எம்.பி. ஆகிவிட்டார்.

17-ஆம் நூற்றாண்டு முடிந்தபின் நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். 1704-இல் ஜிப்ரால்டர் பிடிபட்டபோதும், தொடர்ந்து மலாகாவில் நடந்த பெரும் போரிலும் இருந்தார். 1705-இல் பார்சிலோனாவைப் பிடித்த கூட்டுப் படையின் கடல் தலைமையில் இருந்தார். 1707 கோடையில் பிரான்சின் துலோன் துறைமுகத்தை முற்றுகையிட்டார்கள். ஊர் விழவில்லை, ஆனால் எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்று பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். அதை முடித்துவிட்டுச் செப்டம்பர் கடைசியில் ஜிப்ரால்டரிலிருந்து ஊருக்குத் திரும்பினார்கள். மொத்தம் 21 கப்பல்கள்.

இனி அந்த இரவு. என் தொழில் சார்ந்த விஷயம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

கடலில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதற்கு இரண்டு எண்கள் வேண்டும். வடக்கு-தெற்கு எண் அட்சரேகை. மதுரைக்கு அது 10 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் கிடைத்துவிடும், 1707-இலும் கிடைத்தது. ஆனால் மேகம் இருந்தால் கிடைக்காது. கிழக்கு-மேற்கு எண் தீர்க்கரேகை. அதற்கு வேண்டியது கடிகாரம். இந்திய நேரம் 82½ டிகிரியில் கணக்கிடப்படுகிறது, மதுரை 78 டிகிரிப் பக்கம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். ஆகவே சராசரியாக நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, 12 மணி 17 நிமிடம் வாக்கில். இந்த வித்தியாசத்தை நடுக்கடலில் அளந்தால் தீர்க்கரேகை தெரியும். அதற்கு, புறப்பட்ட ஊரின் நேரத்தை வாரக்கணக்கில் பிசகாமல் காட்டும் கடிகாரம் கப்பலில் இருக்க வேண்டும். ஷவல் காலத்தில் ஆடும் கப்பலில் அப்படி ஓடும் கடிகாரம் உலகத்தில் இல்லை.

அதனால் என்ன செய்தார்கள்? முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரப்பலகையைக் கட்டிக் கடலில் போட்டு, மணற்கடிகாரம் வடியும்வரை எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணி வேகத்தைக் கண்டார்கள். திசைகாட்டியில் திசை. இரண்டையும் சேர்த்து வரைபடத்தில் கோடு. முடிச்சுகளுக்கு இடையில் சுமார் 50 அடி இருக்க வேண்டும் என்று கணித அறிஞர் நார்வுட் 1637-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். மாலுமிகளோ பழைய 42 அடியையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். திசைகாட்டிகள் அதைவிட மோசம். தப்பித்து வந்த கப்பல்களின் திசைகாட்டிகளை விபத்துக்குப் பின் சோதித்தபோது பெரும்பாலானவை உதவாதவை என்று தெரிந்தது. வால்மீனுக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி இந்தக் கடல் பகுதியைப் பற்றி 1701-லேயே எச்சரித்திருந்தார். திசைகாட்டியின் காந்த ஊசி நேர் வடக்கிலிருந்து விலகும் அளவு வருடா வருடம் மாறிவருகிறது, அதைக் கணக்கில் எடுக்காத கப்பல்கள் தாங்கள் நினைப்பதைவிட வடக்கே போய்விடுகின்றன, வரைபடத்தில் சில்லி தீவுகளும் சரியான இடத்தில் இல்லை என்று.

அன்று பிற்பகல் கப்பல்களை நிறுத்தி ஆழம் பார்த்தார்கள். ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் அடிமண் ஒட்டிக்கொண்டு வரும். மணலா சிப்பியா சேறா என்று பார்த்து இடத்தை ஊகிப்பார்கள். ஆங்கிலக் கால்வாயின் வாயில், பிரான்சின் உஷான் தீவுக்கு மேற்கே பத்திரமாக இருக்கிறோம் என்று முடிவு செய்தார்கள். மாலை ஆறு மணி வாக்கில் மீண்டும் பாய் விரித்தார்கள். எட்டு மணிக்கு ‘அசோசியேஷன்’ சில்லி தீவுகளின் மேற்குப் பாறைகளில் ஒன்றான கில்ஸ்டோனில் மோதியது. ‘ஈகிள்’, ‘ராம்னி’, தீக்கப்பல் ‘ஃபயர்பிராண்ட்’ மூன்றும் போயின. ‘ராம்னி’யில் பிழைத்தது ஒரே ஒருவர். செத்தவர்கள் 1,400 முதல் 2,000 வரை என்று பலவாறாகச் சொல்கிறார்கள். நார்பரோவின் இரண்டு மகன்களும் வளர்ப்புத் தந்தையோடு போனார்கள். அந்தத் தீவுகளில் ஒன்றான செயின்ட் ஆக்னஸில் 1680 முதலே நிலக்கரித் தீ எரியும் கலங்கரை விளக்கம் உண்டு. பாறைகள் அதற்கும் மேற்கே கிடக்கின்றன, வெளிச்சம் கண்ணில் படும்போது கப்பல் பாறைக்குப் பக்கத்தில் இருக்கும்.

இங்கே உங்கள் கட்டுரையாளர் மட்டுமல்ல, அறிவியல் எழுதுகிறவர்களும் தவறுகிறார்கள். தீர்க்கரேகை தெரியாததால் ஷவல் மூழ்கினார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உஷானையும் சில்லியையும் வரைபடத்தில் பாருங்கள். உஷான் 48½ டிகிரி வடக்கு, சில்லி 50-க்குக் கொஞ்சம் கீழே. அதாவது சில்லி ஏறத்தாழ 85 கடல் மைல் வடக்கே இருக்கிறது! தப்பிய கப்பல்களின் பதிவேடுகளை 1960-இல் மே என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே நாளில் ஒன்றாகப் போன கப்பல்களே அட்சரேகையை ஆளுக்கொன்றாக எழுதியிருந்தது தெரிந்தது. தீர்க்கரேகைப் பிழையைவிட அதுவே பெரிய கோளாறு. மேகம், கெட்ட திசைகாட்டி, தவறான வரைபடம், பழக்கத்தை விடாத முடிச்சுக் கயிறு, எல்லாம் சேர்ந்து செய்த வேலை. இத்தனை காரணங்களையும் துடைத்துவிட்டு ‘கர்வம்’ என்று ஒரு சொல்லில் எழுதினால், வழி போட்டுப் பிழைத்தவன் எப்படிச் சும்மா இருப்பேன்?

ஷவலின் உடல் செயின்ட் மேரிஸ் தீவின் கரையில் கிடைத்தது. மோதிரம் களவு போயிருக்கலாம். உயிரோடு வந்தவரை ஒரு பெண் கொன்றாள் என்பது பல வருடம் கழித்து, அவள் மரணப் படுக்கையில் சொன்னாள் என்று வந்த கதை. நம்புகிறவர் நம்பலாம், ஆதாரம் என்று போடக் கூடாது. அரசி ஆன் உத்தரவில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. சிற்பி கிரின்லிங் கிப்பன்ஸ் செய்த சலவைக்கல் நினைவுச் சின்னம் இன்றும் இருக்கிறது. நீளமான சுருள் டோப்பா வைத்து, வெல்வெட் மெத்தையில் சாய்ந்து, ஒரு பிரபுவைப் போல ஷவல் படுத்திருக்கிறார். 1711-இல் எழுத்தாளர் ஜோசப் அடிசன் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில் இதைக் கிண்டலடித்து எழுதினார். முரட்டு மாலுமியைச் சொகுசுக்காரனாக்கிவிட்டார்கள் என்றார். அதோடு இன்னொரு குறையும் சொன்னார்: கல்வெட்டில் அவர் நாட்டுக்குச் செய்த எத்தனையோ காரியங்களில் ஒன்றும் இல்லை, அவர் எப்படிச் செத்தார் என்று மட்டும் இருக்கிறது, அதில் அவருக்குப் புகழ் சேர வழியே இல்லை என்று. 300 வருடத்துக்கு முன் ஒரு பத்திரிகையில் வந்த அதே புகாரை இப்போது நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விபத்துக்கு ஏழு வருடம் கழித்து, 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீர்க்கரேகைச் சட்டம் இயற்றியது. கடலில் அரை டிகிரிக்குள் தீர்க்கரேகை சொல்லும் முறைக்கு 20,000 பவுண்டு பரிசு. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் பல பத்தாண்டு உழைத்து அப்படி ஒரு கடிகாரத்தைச் செய்தார். 1761-62-இல் ஜமைக்காவுக்குப் போன சோதனைப் பயணத்தில் அது மிகச் சரியாக ஓடியது. நான் கப்பலில் தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுத்த குரோனோமீட்டர் அதன் வாரிசு.

திருத்தம் போடுவீர்களோ மாட்டீர்களோ, ஒன்று செய்யலாம். சிறுவர் பக்கத்தில் ஒரு நாள் குறித்து, மொட்டை மாடியில் நேராக ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். மதுரைப் பிள்ளைகளும் சென்னைப் பிள்ளைகளும் ஒரே நாளில் செய்ய வேண்டும். சென்னையில் எட்டு, ஒன்பது நிமிடம் முன்னதாக வரும். அதிலிருந்து இரண்டு ஊருக்கும் இடையே கிழக்கு-மேற்கில் எத்தனை டிகிரி என்று அவர்களே வகுத்துக்கொள்வார்கள். நான்கால் வகுத்தால் போதும். வருகிற விடைகளைச் சரிபார்க்க ஆள் வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வணிகக் கப்பல் செகண்ட் ஆபீசர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.